நீலக் கோட்டுக்காரன்

ஒட்டு மீசையை எடுப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். வெடுக்கென்று பிடுங்கினால் தோலும் சேர்ந்து வந்துவிடும். வெந்நீரில் நனைத்த துணியை மேலுதட்டில் வைத்து, பசை இளகும்வரை பொறுமையாக இருந்து, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு நாள் நாடகம் போடுகிறவனுக்கு இந்தக் கஷ்டம் ஒரு நாளோடு போய்விடும். சின்னவன் மாதக்கணக்கில் தினமும் இதைச் செய்துகொண்டிருந்தான். அவன் அந்த மீசையை ஒட்டிக்கொண்டு போய் நின்றது மேடையில் இல்லை, பெற்ற தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில்.

சின்னவன் என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்ட ஆள். லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று, "ஒண்ணும் ஆகாது, இதோ தொறந்துடலாம்" என்று சொல்லிச் சொல்லியே மெதுவாகப் பேசுவது அவனுக்குப் பழகிவிட்டது. வெளியே வந்தவர்கள் விட்டால் போதும் என்று ஓடுவார்களே தவிர, கதவைத் திறந்தவன் முகத்தை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அதற்கெல்லாம் அவன் வருத்தப்பட்டதில்லை.

பெரியவன் அவனைவிட எவ்வளவு பெரியவன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரத்துக்கு அந்த வீட்டில் கிடைத்த மரியாதை இருக்கிறதே, அப்பப்பா! இருவரும் அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். பெரியவனுக்கு மீசை உண்டு, வாயும் உண்டு. சின்னவனுக்கு இரண்டும் கிடையாது. பெரியவன் ஊரின் மறுகோடியில் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். ஒரு குளியலறைக்குத் தரை போட வந்தவரை வீடு முழுக்கப் போட வைத்து அனுப்புகிற வாய். கடைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தான். சின்னவன்தான் அம்மாவோடு இருந்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெரியவனுக்குப் பேச வந்த பெண்ணின் அப்பா தம்பியை ஒருமுறை பார்த்துவிட்டு, "எங்க பொண்ணு கொழம்பிடுவா சார்" என்று எழுந்து போனார். பெரியவன் இந்தக் கதையை நடித்துக் காட்டி ஊரையே சிரிக்க வைப்பான்.

கூட இருந்து மருந்து வாங்கிக் கொடுத்து, துணி துவைத்துப் போட்டு, இரவு இருமினால் எழுந்து தண்ணீர் கொடுப்பது சின்னவன். காலையில் அம்மா கண் விழித்ததும் கேட்கிற முதல் கேள்வி, "பெரியவன் வந்தானா?" சின்னவன் கொண்டுவரும் காபியை வாங்கிக்கொண்டே கேட்பாள். "இல்லம்மா, சாயங்காலம் வருவான்" என்பான். அவன் முகம் கொஞ்சம் சுண்டும். பிறகு டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவான்.

அவர்கள் பேட்டையில் ஒரு நாடகக் குழு இருந்தது. பல் டாக்டர் ஒருவர் நடத்தினார். நாள் முழுக்க மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லி, தானும் வாய் திறந்து பேச ஆசை வந்துவிட்டது என்பார். வருடா வருடம் ஒரே நாடகம்தான். குழந்தையில் பிரிந்துபோன இரட்டையரைப் பற்றிய பழைய நகைச்சுவை நாடகம். ஒருவன் அந்த ஊரிலேயே வளர்ந்து மாளிகையும் மனைவியுமாக இருப்பான், அவன் ஊர்க்காரன். இன்னொருவன் எங்கிருந்தோ வந்து சேர்வான், அவன் வந்தவன். ஊர் முழுக்க ஆள் மாறாட்டம். வந்தவனுக்கு விருந்து, ஊர்க்காரனுக்கு உதை. குழுவில் அசல் இரட்டையரே இருக்கும்போது வேறு நாடகம் எதற்கு?

நீலக் கோட்டு போட்ட ஊர்க்காரன் பெரியவன். பழுப்புக் கோட்டு போட்ட வந்தவன் சின்னவன். அண்ணனைப் போல் தெரிவதற்காகச் சின்னவன் அன்று மட்டும் மீசை ஒட்டிக்கொள்வான். நாடகம் முழுக்க இருவரும் ஒன்றாக மேடைக்கு வருவதே இல்லை. கடைசிக் காட்சியில்தான் எதிரெதிரே வந்து நிற்பார்கள். அங்கே ஊர்க்காரனுக்கு ஒரு நீண்ட வசனம். அதைச் சொல்லும்போது பெரியவன் குரலை ஏற்றி இறக்கி அரங்கத்தையே கையில் வைத்துக்கொள்வான். வந்தவனுக்கு ஒரே ஒரு சொல், "அண்ணா!" சின்னவன் அதைச் சொல்லிவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்வான். முதல் வரிசையில் அம்மா உட்கார்ந்து கை வலிக்கத் தட்டுவாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "பெரியவன் எப்படிப் பேசினான் பாத்தியா?" என்று சின்னவனிடமே கேட்டுக்கொண்டு வருவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பம்தான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஆபரேஷன் ஆகி அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டைல்ஸ் கடையில் வாடிக்கையாளரிடம் வளவளவென்று பேசிக்கொண்டிருந்த பெரியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "தம்பியக் கூப்பிடுங்க" என்றானாம். கூப்பிட்டார்கள். சின்னவன் அப்போது ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தான். அங்கே போன் எடுக்காது. மேலே ஏறி வந்து பார்த்தபோது போன் நிறைய அழைப்புகள். ஓடினான். பெரியவன் முகத்தை மூடியிருந்தார்கள்.

"இப்ப சொன்னா தாங்க மாட்டாங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அம்மாவின் தங்கை, அதாவது சித்தி, "வீட்டுக்கு வரட்டும், சொல்லிக்கலாம்" என்றாள். அண்ணனை அடக்கம் செய்துவிட்டு, நாலைந்து நாள் மழிக்காத முகத்தோடு சின்னவன் அம்மாவைப் பார்க்கப் போனான். மருந்து மயக்கத்தில் இருந்தவள் கண்ணைப் பாதி திறந்து பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்தது. "பெரியவனே, வந்துட்டியாடா?" என்று கையைப் பிடித்தாள்.

என்ன செய்வான் சொல்லுங்கள். "வந்துட்டேம்மா" என்றான். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்றது, நடக்க ஆரம்பித்ததும் சொல்லலாம் என்றாயிற்று. அவள் நடக்கவே இல்லை, சக்கர நாற்காலியோடு சரி. காலையில் சின்னவனாகக் காபி கொடுத்துவிட்டுக் கிளம்புவான். அப்புறம் சித்தி வந்து பார்த்துக்கொள்வாள். வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள் நின்று, கைக்கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்து மீசையை ஒட்டுவான். அண்ணனின் சட்டையை மாட்டிக்கொள்வான். சொந்த வீட்டுக்கு வந்து காலிங் பெல் அடிப்பான். சித்தி கதவைத் திறந்து, உள்ளே கேட்கிற மாதிரி, "வாப்பா பெரியவனே" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விடுவாள். பகல் வேலையோடு சின்னவனுக்கு ஆஸ்பத்திரி லிஃப்டில் ராத்திரி டியூட்டியும் போட்டுவிட்டார்கள், அதனால் இரவில் பெரியவன்தான் துணைக்கு இருப்பான் என்று ஒரு பொய்யையும் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

பெரியவனாக உட்கார்ந்தால் பேச வேண்டும். வாய் பேசத் தெரியாத இந்த ஊமைக் கோட்டான், டைல்ஸ் கடையில் இன்று இன்னார் வந்தார், இன்னது கேட்டார் என்று கதை கட்டினான். முதலில் தட்டுத் தடுமாறினான். போகப் போக அண்ணன் குரல் அவனுக்குள்ளிருந்து தானாக வந்தது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் கன்னத்தைத் தடவினாள். ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் நனைத்து அவளுக்கு ஊட்டினால், "நீ சாப்டியாடா கண்ணு?" என்று கேட்டாள். சின்னவனை அவள் அப்படிக் கேட்டதாக அவனுக்கு ஞாபகம் இல்லை. உச்சி குளிர்ந்தது, உடனே வயிறு எரிந்தது. செத்துப்போன அண்ணனிடமிருந்து திருடித் தின்கிற மாதிரி இருந்தது.

ஒரு நாள் அம்மா பெரியவனிடம் சொன்னாள்: "இந்த வருஷம் நாடகம் உண்டுல்ல? என்னக் கூட்டிட்டுப் போ. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கறத நான் பாக்கணும்."

சின்னவன் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "இந்த வருஷம் போடலம்மா."

"ஏன் போடல? நான் டாக்டர்கிட்டப் பேசறேன். போனைக் குடு."

குழு அந்த நாடகத்தை மூட்டை கட்டி வைத்திருந்தது. யாருக்கு மனசு வரும்? ஆனால் அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் சின்னவன் பல் டாக்டரின் கிளினிக்குக்கே போய் உட்கார்ந்தான். டாக்டர் வெகுநேரம் கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"போட்டுடலாம்பா" என்றார். "கடைசிக் காட்சி வரைக்கும் நீயே ரெண்டு பேரா நடி. உள்ள ஓடிக் கோட்ட மாத்திக்க. கடைசில மட்டும் நம்ம பேக்கரிக்காரர நிக்க வெப்போம். உன் ஒசரம்தான் இருக்காரு. தொப்பியப் போட்டு, ஜனங்களுக்கு முதுகு காட்டி நிக்கட்டும்."

"அவரு எந்தக் கோட்டுல?"

"பழுப்புலதான். அந்த நீள வசனத்த அவரால பேச முடியுமா? மூஞ்சியக் காட்டிப் பேசணுமே. அத நீ பேசு, நீலத்துல."

அது சரியாகத்தான் பட்டது. வேறு வழியும் இல்லை. ஒத்திகையில் பேக்கரிக்காரர் "அண்ணா!" என்று கட்டைக் குரலில் கூப்பிட்டார். ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அப்புறம் யாரும் யாரையும் பார்க்கவில்லை. "அந்த வார்த்த வேணாம். சும்மா வந்து கட்டிப் பிடிங்க போதும்" என்றார் டாக்டர்.

நாடகம் மாலையில். அரங்கத்தில் எள் போட்டால் விழாத கூட்டம். வந்தவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும், பெரியவனை அடக்கம் செய்தபோது வந்து நின்றவர்கள்தான் பாதிப் பேர். அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாது என்று ஊரே கட்டுப்பாடாக இருந்தது. முதல் வரிசையில் சக்கர நாற்காலியில் அவள். பக்கத்தில் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு சித்தி.

சின்னவன் ஓடினான். நீலக் கோட்டில் இந்தப் பக்கம் வெளியேறி, திரைக்குப் பின்னால் ஓடியபடியே பழுப்புக் கோட்டை மாட்டி அந்தப் பக்கம் நுழைந்தான். மனைவியிடம் அடி வாங்கினான், யாருக்கோ சமைத்த விருந்தைச் சாப்பிட்டான், செய்யாத குற்றத்துக்குக் கையைக் கட்டி இழுத்துச் செல்லப்பட்டான். எங்கெங்கே வழக்கமாகச் சிரிப்பார்களோ அங்கெல்லாம் ஜனங்கள் சிரித்தார்கள். வேண்டுமென்றே உரக்கச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாவம், அப்படி ஒரு கஷ்டமான சிரிப்பை அந்த அரங்கம் கேட்டிருக்காது.

கடைசிக் காட்சி வந்தது. சின்னவன் நீலக் கோட்டில், அண்ணன் நிற்கும் இடத்தில் நின்றான். எதிரே தொப்பியும் பழுப்புக் கோட்டுமாகப் பேக்கரிக்காரர் வந்து நின்றார். சின்னவன் வசனத்தைத் தொடங்கினான். "எனக்கு எதிரே நிற்பது யார்? கண்ணாடி என்றால் நான் அழும்போது அதுவும் அழ வேண்டுமே..." வருடா வருடம் எதிரே நின்று கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆன வசனம். ஒரு சொல் பிசகவில்லை. முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில், "அண்ணா" என்ற குரலுக்காகக் காத்திருந்தான். ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது, அதைச் சொல்ல வேண்டியவனே தான்தான் என்று. பேக்கரிக்காரர் வந்து கட்டிக்கொண்டார். அந்தத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அண்ணா... அண்ணா..." என்றான் சின்னவன். அது அவருக்கு மட்டும்தான் கேட்டது. அவர் பிடியை விடவே இல்லை, டாக்டர் திரையைப் போட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில், யார் எப்படிப் பேசினான் என்று அம்மா இந்த முறை கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் தங்கையை, "நீ போய்ப் படு" என்று அனுப்பிவிட்டாள். சின்னவன் மீசையோடும் நீலக் கோட்டோடும் நின்றான்.

"சின்னவன் எங்கடா?"

"வேஷத்தக் கலைச்சிட்டு நேரா டியூட்டிக்குப் போயிட்டாம்மா."

"போதும்டா. இப்பிடி உக்காரு."

உட்கார்ந்தான்.

"காலைல வர்றவனும் சாயங்காலம் வர்றவனும் ஒரே ஆளுன்னு எனக்கு எப்பவோ தெரியும்டா. காலைல வர்றவனுக்கு மூக்குக்குக் கீழ செவந்து கெடக்கு. சாயங்காலம் வர்றவன் சிரிச்சா மீசை ஓரம் தூக்கிக்குது. பெத்தவளுக்குத் தெரியாதா? ஒருத்தன் இல்லன்னு புரிஞ்சுபோச்சு. யாரு இல்லன்னுதான் புரியல. காலைல பாத்தா இவன் சின்னவனேதான்னு இருக்கும். சாயங்காலம் பாத்தா சந்தேகமே இல்ல, பெரியவன்தான்னு இருக்கும். வாயத் தொறந்து கேக்க பயமா இருந்துது. அதான் நாடகத்துக்குப் போகணும்னேன்."

சின்னவன் கை தானாக மீசை ஓரத்துக்குப் போயிற்று.

"இருக்கறவன் அவன் எடத்துலதான நிப்பான்? இல்லாதவன் எடத்துலதான வேற ஆள நிறுத்துவாங்க? நீலக் கோட்டுல நீ நின்ன. பழுப்புக் கோட்டுல எவனோ நின்னான்." அவள் குரல் உடைந்தது. "என் சின்னவன் போயிட்டான், இல்லடா?"

என் சின்னவன். பிறந்து இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அவன் கேட்டிராத சொல்.

"அவனுக்காக உன் மீசைய எடுத்துட்டு, காலைல அவன மாதிரி வந்து காபி குடுத்தியேடா... ஐயோ, என் தங்கமே! எழுந்ததும் எழாததுமா பெரியவன் வந்தானான்னு அவனையே கேப்பேன். அவன் மொகம் சுண்டிப்போகும். எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சேதான் கேட்டேன். தூரத்துல இருக்கறவனத்தான மனசு தேடும்? இவன் எங்க போகப்போறான், கூடவே இருக்கறவன்தான, அப்புறம் கொஞ்சிக்கலாம்னு இருந்துட்டேன். ராத்திரி நான் இருமினா அவன் வந்து நிப்பான். தூங்கற மாதிரி கண்ண மூடிட்டு அவனப் பாத்துட்டே இருப்பேன். என்ன பொறுமை, என்ன புள்ள! ஒரு நல்ல வார்த்த சொல்லலியே நான், பாவி!" தலையில் அடித்துக்கொண்டாள்.

அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, நான்..." என்று வாயைத் திறந்தான்.

அவள் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். "நீயாவது இருக்கியேடா பெரியவனே. நீயும் இல்லன்னா நான் என்ன ஆவேன்?"

திறந்த வாய் திறந்தபடி நின்றது. சொல்லலாம். நான்தான்மா சின்னவன், உன் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று சொல்லலாம். சொன்னால் சின்னவன் பிழைத்து எழுவான், அந்த நிமிடமே பெரியவன் சாவான். ஒரே மாலையில் எந்தத் தாய்க்கு இரண்டு பிள்ளைகளின் சாவைக் கொடுப்பது? இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தனக்காக அம்மா அழுகிற அழுகையை அவன் இன்னும் கொஞ்சம் கேட்க ஆசைப்பட்டான்.

"ஆமாம்மா" என்றான். "சின்னவன் போயிட்டான்."

"எப்பிடிடா? வலிச்சுதா அவனுக்கு?"

"வேலை செய்யற எடத்துல நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தானாம். ரொம்ப நேரம் இல்லம்மா."

"ஏதாவது சொன்னானா?"

"அண்ணனக் கூப்பிடுங்கன்னு சொன்னானாம். கூப்பிட்டிருக்காங்க. நான் போன எடுக்கலம்மா. எனக்குக் கேக்கல. நான் போறதுக்குள்ள..." அதற்கு மேல் பேச முடியாமல் அவள் மடியில் விழுந்து அழுதான். அண்ணன் போனதிலிருந்து அவன் அழுதது அன்றுதான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, "அழாதடா பெரியவனே, நீ என்ன பண்ணுவ" என்றாள்.

பெரியவன் தன் அறையைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு வந்துவிட்டதாக ஏற்பாடு ஆயிற்று. சித்தியிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒட்டு மீசையத் தூக்கிப் போடு, பழையபடி வளத்துக்க" என்றாள் அம்மா. வளர்த்தான். சின்னவன் படத்தைப் பெரிதாகப் போட்டு அவள் கண்ணுக்கு நேரே சுவரில் மாட்டச் சொன்னாள். ஸ்டூடியோக்காரர் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்து, "இது நீங்கதான சார்?" என்றார். "தம்பி" என்றான். ஸ்டூல் போட்டு ஏறி, தானே ஆணி அடித்து, தன் படத்தைத் தானே மாட்டினான். "கொஞ்சம் எடது பக்கம் எறக்கு" என்று அம்மா கீழேயிருந்து சொன்னாள்.

இப்போதும் காலையில் அவன்தான் காபி போட்டுக் கொண்டுவருகிறான். சில நாள் அம்மா முழுசாக விழித்திருக்க மாட்டாள். தூக்கக் கலக்கத்தில், கண்ணைத் திறக்காமலே, கோப்பையின் சத்தம் கேட்டுக் கையை நீட்டுவாள்.

"சின்னவன் வந்துட்டானா?"

வாழ்நாள் முழுக்க அவன் காத்திருந்த கேள்வி. கோப்பையை அவள் கையில் பத்திரமாக வைப்பான்.

"இல்லம்மா" என்பான். "இன்னும் வரல."